ஒரகடம் பக்கத்து ஏரியில் ஓர் அமெரிக்கத் தூண்டில்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் - சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் பைக்கில் போயிருக்கிறீர்களா? மற்ற நாட்களில் அது கன்டெய்னர் லாரிக்கும், கம்பெனி பஸ்ஸுக்கும், புத்தம்புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லருக்கும் எழுதிக்கொடுத்த சாலை. ஞாயிறு விடியலில் மட்டும் கொஞ்சம் மூச்சு விடும். அப்போது கவனித்துப் பாருங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் பைக்கில் போகும் இரண்டு பேரில், பின்னால் இருப்பவர் கையில் நீளமாக ஒரு பை இருக்கும். குடை இல்லை, கிரிக்கெட் மட்டையும் இல்லை. தூண்டில்!

எங்கள் ஊரை ராமானுஜர் அவதரித்த தலமாகத் தெரிந்தவர்கள் உண்டு. 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி நினைவிடத்தால் தெரிந்தவர்கள் உண்டு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்த பிறகு 'கார் ஊர்' என்று பெயர். 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இவர்களுக்கு நட்டும் போல்ட்டும் தகடும் செய்துகொடுக்கும் சின்னக் கம்பெனிகள் எத்தனையோ. நான் அப்படி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வெர்னியர் காலிபரோடு குடும்பம் நடத்துபவன்.

ஆனால் செல்போனில் மேப்பைத் திறந்து இந்தப் பகுதியைப் பார்த்தால் தொழிற்சாலைக் கூரைகளுக்கு நடுவே நீலத் திட்டுகள் தெரியும். எல்லாம் ஏரி. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, பெயர் தெரியாத ஊர் ஏரிகள். மழைக்காலத்தில் இவை நிரம்பி வழிந்தால் உபரி நீர் செம்பரம்பாக்கம் போகும். சிப்காட் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே ஏரிதான் இந்த ஊர்களின் தொழிற்சாலை. அதில் நெல் விளைந்தது. கூடவே விரால் விளைந்தது.

என் அண்ணனுக்கு விரால் என்றால் உயிர். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே பன்னிரண்டடி மூங்கில் கழி, தங்கூசி, தக்கை, ஒரு முள். அல்லி இலைக்கு ஓரமாகத் தவளையைக் கோத்துப் போட்டு, தக்கை முங்குகிற நேரம் பார்த்து ஒரு சுண்டு சுண்டுவான். என் அப்பா அவனுக்கு வைத்த பெயரையே மறந்துவிட்டு 'விராலு' என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. எப்படி, யார் தவறு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையை மட்டும் அன்றைக்கு முதன்முறையாகப் படித்தேன். ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் இழப்பு. கட்டைவிரல் ஒன்றே போனால் 30 சதவீதம். 'இரண்டு விரலைவிடக் கட்டைவிரல் ஒன்று பெரிசா?' என்று அப்போது எரிச்சலாக இருந்தது. அது எவ்வளவு சரியான கணக்கு என்பது பின்னால் தூண்டில் கட்டும்போதுதான் புரிந்தது.

அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டான். ஸ்டோர்ஸில் போட்டார்கள். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடப் பழகினான். வலது கையால் கையெழுத்துப் போடவும் பழகிவிட்டான். ஏரிப் பக்கம் மட்டும் போகவில்லை. மூங்கில் கழி பரணில் ஏறிவிட்டது. ஒரு தடவை கேட்டதற்கு, "கழி கையில நிக்க மாட்டேங்குதுடா. மீன் இழுத்தா வழுக்கிட்டுப் போகுது" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, ஞாயித்துக்கிழமை ஆனா மனுஷன் சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்காரு. ஏதாவது பண்ணுங்க" என்றார்.

நானும் பண்ணினேன். முதலில் தப்பாகப் பண்ணினேன். ஆன்லைனில் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்று போட்டிருந்த ஒரு ரெடிமேட் தூண்டிலும், கம்புக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலும் வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சிக்கல் ஆகாது, சுலபம். மொட்டை மாடியில் அண்ணன் கையில் கொடுத்த பிறகுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. ஸ்பின்னிங் ரீலில் வீசுவதற்கு முன்னால் நூலை ஆள்காட்டி விரலால் மடக்கிப் பிடித்து, வீசும்போது விடவேண்டும். அந்த விரல்தானே இல்லை! அண்ணன் மோதிர விரலால் இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு, எதுவும் சொல்லாமல் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே போனான்.

இடது கையால் வீசலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "முப்பது வருஷமா இந்தக் கைதான்டா வீசுது" என்றான்.

எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து யூனிட்டில் வேலை பார்க்கும் ஒரு ஒடிசாப் பையன்தான் 'பாஸ் ராடு' என்ற வார்த்தையை முதலில் சொன்னான். தன் செல்போனில் வீடியோ காட்டினான். பாஸ் என்பது அமெரிக்க நன்னீர் மீன். பெரிய வாய். செடி கொடிக்குள் பதுங்கியிருந்து, தவளை, குஞ்சு மீன் என்று எது கடந்தாலும் பாய்ந்து விழுங்கும். 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒருவர் பத்துக் கிலோ பாஸ் பிடித்தார். அந்தச் சாதனையை 2009-ல்தான் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் சமன் செய்தார். ஜப்பானுக்கு அந்த மீன் 1925-ல் கொண்டுபோய் விடப்பட்டது. இப்போது நாட்டு மீன்களைத் தின்கிறதே என்று அங்கே தலையில் கை வைத்திருக்கிறார்கள்.

நம் ஏரிகளில் பாஸ் கிடையாது. ஆனால் அதே குணம், அதே பதுங்கல், அதே பாய்ச்சல் உள்ள விரால் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், விராலின் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குட்டையில் கிடைத்தபோது, பெரிய கலவரமாகி, குட்டை முழுவதும் மருந்து ஊற்றி அழித்தார்கள். அவர்கள் மீன் ஜப்பானில் வில்லன். நம் மீனின் சொந்தக்காரன் அமெரிக்காவில் வில்லன். தூண்டில் மட்டும் எல்லா ஊரிலும் செல்லும்.

விரால் பிடிப்பதில் கஷ்டம், அது கடிப்பதில் இல்லை. கடித்த பிறகு அல்லித் தண்டுக்குள்ளும் கோரைக்குள்ளும் புகுந்து சிக்கிக்கொள்ளும். அகநானூற்றின் 36-வது பாட்டில், தூண்டிலில் மாட்டிய வரால் ஆம்பல் இலையைக் கிழித்து, கொடியைக் கலக்கி, இழுப்பவனுக்கு வராமல், கயிறு கட்டிய காளை மாதிரி முரண்டு பிடிப்பதாக வருகிறது. கயிறு கட்டிய காளையை நிறுத்த எந்த மாதிரிக் கம்பு வேண்டுமோ, அதுதான் நம் தேவை.

கம்பில் இரண்டு சங்கதி பார்க்க வேண்டும். எவ்வளவு கனம் தொங்கவிட்டால் வளைகிறது என்பது ஒன்று. அதைப் 'பவர்' என்கிறார்கள். எந்த இடத்தில் வளைகிறது என்பது இன்னொன்று, அது 'ஆக்‌ஷன்'. முழுக்க விறைப்பாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு கிராம் ரப்பர் தவளையை வீசவே முடியாது. முழுக்க வளைந்தால் மீன் கோரைக்குள் போய்விடும். நுனி மட்டும் வளைந்து, அதற்குக் கீழே முரட்டுத்தனமாக நிற்க வேண்டும். 'மீடியம் ஹெவி, ஃபாஸ்ட்' என்று கம்பின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். நாங்கள் எடுத்தது ஏழடி நீளம், 7 முதல் 21 கிராம் வரை வீசக்கூடிய கார்பன் கம்பு. வளையம், பிடி எதுவும் இல்லாத வெறும் கம்பு, 'பிளாங்க்' என்பார்கள். ஒரு மாத ஓவர்டைம் அதிலேயே பாதி போய்விட்டது.

ரீல் தேர்வில்தான் அந்தக் கட்டைவிரல் கணக்கு வந்தது. பாஸ் ஆட்கள் விரும்பும் 'பெய்ட்காஸ்டர்' ரீல் கம்புக்கு மேலே உட்காரும். நூல் உருளையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வீசும்போது லேசாக விட்டு, தவளை தண்ணீரைத் தொடும் நொடியில் மறுபடி அழுத்த வேண்டும். அழுத்தத் தவறினால், நூல் வெளியே போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றி, காக்காய்க் கூடு மாதிரி சிக்கு விழும். இதனால்தான் 'புதியவர்களுக்கு வேண்டாம்' என்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் நிலைமை தலைகீழ். ஆள்காட்டி விரல் இல்லை. கட்டைவிரல் முழுசாக இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான ரீல் என்றால், விரல்களால் பிடிப்பதைவிட உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்கலாம். உலகமே வேண்டாம் என்று சொல்வது அண்ணனுக்குப் பொருத்தம்!

ஒரு எச்சரிக்கை. ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் முடியாது, வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அண்ணன் வலது கையில் கம்பைப் பிடித்து இடது கையால் சுற்ற வேண்டும். பாரிமுனைப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எடுத்துக் காட்டியதெல்லாம் வலது கைப்பிடி. இடது கைப்பிடி ரீலுக்குச் சொல்லிவைத்து மூன்று வாரம் காத்திருந்தோம். ஒரு சுற்றுக்கு உருளை ஏழு தடவை சுற்றும் ரகம். இலை மேல் கிடக்கும் தளர்ந்த நூலைச் சட்டென்று சுருட்டினால்தான் விராலை வெளியே இழுக்க முடியும் என்பதால் அந்த வேகம்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இந்த வகைக் கம்பில் நூல் ஓடும் வளையங்கள் எல்லாம் மேல்பக்கம் இருக்கும். மீன் கீழ்நோக்கி இழுக்கும்போது அந்த வளையங்கள் கம்பையே புரட்டப் பார்க்கும். தோள் மேல் கம்பை வைத்து, வாளியைக் கம்புக்கு மேலே நிறுத்திக்கொண்டு நடந்தால் எப்படிச் சாயுமோ அப்படி. நல்ல கைக்கு இது தெரியவே தெரியாது. விரல்கள் தானாக இறுக்கிக்கொள்ளும். அண்ணன் கைக்குத் தெரியும். "வழுக்கிட்டுப் போகுது" என்றானே! வாளியைக் கம்புக்குக் கீழே தொங்கவிட்டால் புரளுமா? அதைத்தான் செய்ய வேண்டும். முதல் வளையம் மேலே, அடுத்தது கொஞ்சம் பக்கவாட்டில், அதற்கடுத்தது இன்னும் கீழே, மீதி எல்லாம் கம்பின் அடியில். நூல் கம்பைச் சுற்றி வளைந்து இறங்கும். 'ஸ்பைரல்' கட்டு என்று பெயர். பழைய முறைதான். ஆனால் ரெடிமேடாகக் கேட்டால் கடையில் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அதனால் நாமே கட்ட வேண்டியதுதான்.

புரட்டாசி பிறந்தது. பெருமாள் ஊரில், எங்கள் வீட்டில், அந்த மாதம் மீன் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அம்மாவிடம், "இது மீன் இல்லம்மா, வெறும் குச்சிதான்" என்று சொல்லி அனுமதி வாங்கினேன். அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் 'வி' மாதிரி வெட்டி அதில் கம்பைப் படுக்கவைத்தேன். நூலைப் பாப்பாவின் பள்ளி அட்லஸுக்குள் நுழைத்து, மேலே அரிசி டப்பாவை வைத்தால் நூல் விறைப்பாக வரும். வளையத்தின் காலைக் கம்போடு வைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நூல் சுற்ற வேண்டும். ஒன்பது வளையம், நுனியில் ஒன்று. ஷிஃப்ட் முடிந்து வந்து இரவுக்கு ஒன்றுதான் முடிந்தது.

அண்ணிக்குப் பிறந்த வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். தறியில் மிஞ்சிய மயில்கழுத்துப் பட்டு நூல் கொஞ்சம் கொண்டுவந்து, "இதுல ரெண்டு வரி போடுங்க தம்பி" என்றார். அந்தக் காலத்தில் மூங்கிலைச் சீவி ஒட்டிச் செய்த உயர்ந்த தூண்டில்களைப் பட்டு நூலால்தான் கட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தூண்டில்காரர்கள் நம் நாட்டிலிருந்து போன 'கல்கத்தா மூங்கிலை' வைத்துத்தான் தொழில் செய்தார்கள். பிறகுதான் சீன மூங்கிலுக்கு மாறினார்கள். சென்னை ராஜதானியில் வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இந்திய ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ஆக, மூங்கிலும் பட்டும் கொடுத்த ஊருக்கு இப்போது கார்பன் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டு நூலில் ஒரு ஆபத்து உண்டு. அதன்மேல் நேராக எபாக்சி பூசினால் ஈரப் புடவை மாதிரி நிறம் கறுத்துவிடும். ஒரு பென்சிலில் சுற்றிப் பார்த்ததால் தப்பித்தேன். நிறம் காக்கும் பூச்சு ஒன்றை முதலில் பூசிக் காயவைத்து, அப்புறம் எபாக்சி.

எபாக்சி பூசிய கம்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் ஒரு பக்கமாக வடிந்து சொட்டு நிற்கும். பழைய இரும்புக் கடையில், மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் குட்டி மோட்டார் வாங்கி மாட்டினேன். நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று. அருமையாகப் போய்க்கொண்டிருந்தது, இரவு பத்து மணிக்குக் கரன்ட் போகும்வரை. போனது ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நானும் அண்ணியும் மாற்றி மாற்றிக் கையால் உருட்டினோம். பாப்பா எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள். அண்ணன் அதுவரை இந்த வேலையில் தலையிடவே இல்லை. அன்றைக்கு டார்ச் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "தள்ளு" என்று கம்பைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான்.

பிடியைக் கொஞ்சம் பருமனாகச் செய்தோம். பாஸ் கம்பின் பிடிக்குக் கீழே கொக்கி மாதிரி ஒன்று இருக்கும், விரல் மாட்ட. அதை மோதிர விரலுக்கு வருகிற மாதிரி, அண்ணன் கையை வைத்து அளந்து, ரீல் இருக்கையை ஒட்டினேன். மொட்டை மாடியில் ஒரு வாரம் பயிற்சி. முதல் நாள் ஆறு காக்காய்க் கூடு. கடைசி நாள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்த செருப்புக்குப் பக்கத்தில் போட்டான்.

ஐப்பசி முதல் ஞாயிறு கிளம்பினோம். வல்லக்கோட்டை முருகனுக்குச் சாலையிலிருந்தே ஒரு கும்பிடு. செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி, அங்கே போவதில்லை. ஊர் ஏரி என்றாலும் நினைத்த இடத்தில் முள்ளைப் போடக்கூடாது. மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் கேட்க வேண்டும். நாங்கள் போன ஏரியின் குத்தகைக்காரர் அண்ணன் கையைப் பார்த்தார், தூண்டிலைப் பார்த்தார். "தூண்டில்னா போடுங்க. வலை மட்டும் கூடாது" என்றார்.

கரையில் சீமைக்கருவேலம், அந்தப் பக்கம் தொழிற்சாலைக் கூரை, நடுவில் அல்லி பூத்த தண்ணீர். மதகுப் பக்கம் ஒடிசா, அசாம் பையன்கள் நாலைந்து பேர். விரால் மூச்சு வாங்க மேலே வரும். 'பொளக்' என்று ஒரு சத்தம். அண்ணன் அதற்கு ஐந்தடி தள்ளி வீசி, ரப்பர் தவளையை இலை மேல் துள்ளவிட்டான். முதல் பாய்ச்சலில் அவசரப்பட்டு இழுத்துவிட்டான். தவளை மட்டும் பறந்து வந்தது. இரண்டாவது முறை ஒரு நொடி பொறுத்தான். கம்பு வில்லாக வளைந்தது. மீன் தண்டுக்குள் இறங்கியது. நான் மீனைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பு புரளவில்லை. முக்கால் கிலோ இருக்கும், கோரை இலையோடு கரைக்கு வந்தது. பையன்கள் கை தட்டினார்கள். அண்ணன் கட்டைவிரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்; நூல் உரசிச் சிவந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பையன், "அண்ணா, அங்க பெரிசு" என்று காட்டினான். தண்ணீரில் செம்மண் கரைத்த மாதிரி ஒரு திட்டு நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அடியில் தாய் இருக்கும். குஞ்சு மேல் எது விழுந்தாலும் பாய்ந்து கடிக்கும்; இதைவிடச் சுலபமான மீன் கிடையாது. பையன் மறுபடி கை காட்டினான். அண்ணன் நூலை முழுசாகச் சுருட்டி, முள்ளைப் பிடியில் மாட்டிவிட்டான். "குஞ்சோட இருக்கு. வேணாம்" என்றான். பையனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவனும் தன் தூண்டிலை இறக்கிவிட்டான்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு, தூண்டிலைப் பையிலிருந்து உருவி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பின் நீளத்துக்குப் பார்த்தான்.

"நாலாவது வளையம் ஒரு நூல் சாஞ்சிருக்குடா. பிரிச்சுக் கட்டணும்."

"எல்லாத்தையும் அளந்து பாத்துத்தானே கட்டினேன்?" என்று நானும் வாங்கி, கண்ணை மூடிப் பார்த்தேன்.

சாய்ந்துதான் இருந்தது.